மூடிக்குள் மதார் சாகிப்

பத்தாவது வாளி விழுந்த பிறகுதான் உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்கும். அதுவரை மதார் சாகிப் வண்டிக்குள்தான் இருப்பார். வண்டிக்குள் என்றால் டிரைவர் சீட்டில் இல்லை. பிக்கப் வண்டியின் பின்தொட்டியில், மூடிய மூடிக்குக் கீழே, வெறும் தகரத்தில் மல்லாந்து படுத்திருப்பார். மேலே அவருடைய மனைவி கைசர் ஜஹான் பிளாஸ்டிக் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். தெரியாதவர் பார்த்தால் குடும்பச் சண்டை என்றுதான் நினைப்பார். ஒருமுறை கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்க வந்த ஒருவர் மனுவைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போதும்மா, பாவம்மா, உட்டுடும்மா" என்று சமாதானமே பேசிவிட்டார்.

கடை வேங்கிக்காலில், வேலூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. அவர் கடைப் பலகையில் இன்னமும் 'சீட் கவர் தைத்துத் தரப்படும்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் மூன்று வருடமாக அங்கே வண்டிகள் வந்து நிற்பது மூடிக்காகத்தான். கடை ஷட்டரைப் படுக்கப் போட்டால் எப்படி இருக்கும், அதுதான் அந்த மூடி. அலுமினியப் பட்டைகளைக் கோத்த ஒரு பாய். தொட்டியின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தண்டவாளம். கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் தண்டவாளத்தில் ஓடிவந்து தொட்டியை மூடும். கைப்பிடியைத் திருப்பி விட்டால், டிரைவர் கேபினை ஒட்டிய நீளப் பெட்டிக்குள் ஸ்பிரிங் இழுக்கச் சுருண்டுகொண்டு போய்விடும்.

பெங்களூரிலிருந்து கோயிலுக்கு வந்த ஒருவருடைய வண்டியில்தான் இதை அவர் முதலில் பார்த்தாராம். அந்த மனிதரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மூடியை முப்பது தடவை திறந்து மூடிப் பார்த்திருக்கிறார். மீதியைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார். "பேசறவன் வாயப் பாத்துகினு இருந்தா, கைய எப்ப பாக்கறது?"

அவரைப் போலப் பேசிக் காட்டுவது சுலபம். தலையை இடது தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, எதைக் கேட்டாலும் "அப்டி இல்லீங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். நல்லா இருக்கீங்களா பாய் என்றால்கூட, "அப்டி இல்லீங்க, அரை நூல் கம்மியா கீது" என்பார். நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தச்சருக்கும் வெல்டருக்கும் அது நீளத்தை மட்டும்தான் அளக்கும். இவருக்கு எல்லாவற்றையும் அளக்கும். சட்னியில் உப்பு ஒரு நூல் ஜாஸ்தி. மின்விசிறிக் காற்று அரை நூல் கம்மி. அவரை நான் நடித்துக் காட்டுகிறேன் என்று தெரிந்த அன்று என்னையும் அளந்துவிட்டார்: "ஆளு சரிதான், வாயி மட்டும் முக்கா நூல் ஜாஸ்தி."

எந்த வண்டியும் சதுரம் இல்லை என்பது அவருடைய சித்தாந்தம். நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய வண்டியையும் நம்ப மாட்டார். டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடிப்பார். பிறகு எதிர் மூலைகளுக்குப் பிடிப்பார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் டேப்பைச் சந்தேகிப்பார். செங்கல் ஏற்றிய வண்டிக்கு வயிறு பெருத்திருக்கும். மாடு ஏற்றிய வண்டி ஒரு பக்கம் உதை வாங்கியிருக்கும். அகன்ற இடத்தில் தண்டவாளத்துக்குக் கீழே ரப்பர் துண்டு வைத்து, போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, அதில் பாதியைத் தளர்த்தி, மூடியை ஓடவிட்டு, பட்டையில் காதை வைத்துக் கேட்பார். ஒரே சீரான சத்தம் வர வேண்டும். நடுவில் ஒரு 'டொக்கு' கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

ஓரமாக வழியும் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் விளிம்புக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மீசை. அதை மெஷினில் தைப்பது கைசர் ஜஹான். யாராவது தையலைப் பாராட்டினால், மீசையெல்லாம் வீட்டம்மா பொறுப்பு, தனக்குத் தாடி மட்டும்தான் என்பார். வீட்டில் இருவரும் உருது பேசுவார்கள், கடையில் தமிழ். சண்டை மட்டும் எங்கே நடந்தாலும் தமிழில்தான். ஏன் அப்படி என்று கைசர் ஜஹானிடம் கேட்டேன். "யாரு மேல தப்புன்னு நாலு பேருக்குப் புரிய வேணாமா?" என்றார்.

மூடி போட்ட பிறகு வண்டிக்காரருக்கு ஒரு பாடம் நடக்கும். தண்டவாளத்தில் எண்ணெய் விடக் கூடாது, மண் ஒட்டும். வாரம் ஒருமுறை பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும். பிரஷையும் அவரே தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். முக்கியமாக, மூடிமேல் எதையும் வைக்கக் கூடாது. சரி சரி என்று கேட்டுக்கொண்டு போவார்கள், பௌர்ணமிக்கு மறந்துவிடுவார்கள். ஒரு பௌர்ணமியில் கிரிவலப் பாதையோரம் நிறுத்திய வண்டியின் மூடிமேல் அன்னதானக்காரர்கள் சாம்பார் அண்டாவையே இறக்கிவைத்துவிட்டார்கள். நடுவில் குழிந்த மூடியோடு வண்டி வந்தது. குழிந்த பட்டையைத் தடவி, விரலை மோந்து பார்த்தார். "பெருங்காயம் ஒரு நூல் கம்மி" என்றார். சிரிக்கவில்லை.

உள்ளே படுக்கும் பழக்கம் முதல் வருடத்து மழைக்குப் பிறகு வந்தது. ஒழுகுகிறது என்று ஒருவர் வந்து நின்றார். ஒழுகாது என்று இவர் நின்றார். எத்தனை வாளி ஊற்றியும் ஒன்றும் நிரூபணமாகவில்லை. பார்க்கலாம் என்று திறந்தால் மேலே நின்ற தண்ணீரே உள்ளே கொட்டிவிடுகிறது. அன்றைக்குத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே ஏறினார். ஒழுகியது. சரியாக அவர் நெற்றியில் சொட்டியதாம். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூடியைப் பிரித்து மறுபடி போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பத்து வாளி. கையில் ஒரு சாக்பீஸ் இருக்கும். வெளிச்சம் தெரியும் இடத்திலும் சொட்டு விழும் இடத்திலும் இருட்டில் புள்ளி வைப்பார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஸ்பிரிங்கை இறுக்கிய பிறகு மூடியை முதல் தடவை மூடும்போதே அவர் உள்ளே இருக்க வேண்டும். "வெளிய மூடிப் பாத்து சரியா இருந்துச்சின்னு வை, அப்பறம் எவன் உள்ள போயி படுப்பான்? எனக்கே சோம்பேறித்தனம் வந்துடும்." இந்தச் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பிடிவாதம் அவரை நன்றாக மாட்டிவைத்தது.

அடி அண்ணாமலையில் மைக் செட் வைத்திருக்கும் சகாதேவன் முந்தின வெள்ளிக்கிழமை மூடி போட்டுக்கொண்டு போனவர். ஐப்பசி மழையில் அவருடைய ஆம்ப்ளிஃபயர் இரண்டு நனைந்து ஊமையாகிப் போயிருந்தன. மழைப் பயத்தோடு திருட்டுப் பயமும் சேர்ந்துகொண்டதால், மூடி மூடியிருக்கும்வரை பின்கதவும் திறக்கக் கூடாது என்று கேட்டு, அதற்கு ஒரு கொக்கியும் போடவைத்தார். மூடி ஒரு சாண் பெட்டிப் பக்கம் நகர்ந்தால்தான் கொக்கி விடும். வேலை முடிந்தபோது ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. தண்ணீர் ஊற்றவெல்லாம் நேரமில்லை என்று வண்டியைப் பூஜைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பத்து வாளி ஊற்றாத வண்டி ரோட்டில் ஓடுகிறது என்ற நினைப்பில் மதார் சாகிப் மூன்று நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சகாதேவன் தானாகவே வந்தார். மூடி இழுத்தால் வருகிறது, திரும்பிப் பெட்டிக்குள் போகத்தான் முரண்டு பிடிக்கிறது என்றார். வண்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம், வாடிய மாலை. மதார் சாகிப்பின் முகத்தில் மூன்று நாளாகக் காணாத வெளிச்சம். தண்டவாளத்தைப் பார்த்தார், சரி. மீசை சரி. மூலைக்கு மூலை சரி. அப்படியானால் ஸ்பிரிங்கின் இழுப்பு போதவில்லை என்று முடிவு கட்டி, பெட்டியின் பக்கவாட்டுத் திருகாணியை இரண்டு சுற்று இறுக்கினார். வழக்கம்போல உள்ளே ஏறி, பின்கதவுப் பக்கம் தலைவைத்துப் படுத்தார். கைசர் ஜஹான் மூடியை இழுத்து மூடினார். மணி பதினொன்றரை.

பத்து வாளி ஆயிற்று. மூன்று தட்டு கேட்டது. கைசர் ஜஹான் கைப்பிடியைத் திருப்பினார். மூடி நான்கு விரல் அகலம் நகர்ந்து, நின்றுவிட்டது.

சகாதேவன் தள்ளினார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்து தள்ளினேன். அசையவில்லை. பின்கதவை இழுத்தோம். திருடனிடம் காட்ட வேண்டிய வீரத்தையெல்லாம் கொக்கி எங்களிடம் காட்டியது.

உள்ளேயிருந்து குரல் நிதானமாகத்தான் வந்தது. தள்ள வேண்டாம், பட்டை மடங்கும் என்றார். எதிர் வெல்டிங் பட்டறையிலிருந்து தகரம் அறுக்கும் கிரைண்டர் வாங்கி வருகிறேன் என்று சகாதேவன் கிளம்பியபோதும் தடுத்தார். புது மூடி வீணாகும் என்பது ஒரு காரணம். தன் மூக்குக்கு ஒரு சாண் மேலே நெருப்புப் பொறி பறக்கும் என்பது இன்னொன்று. அவர் சொன்ன வரிசையே அதுதான்.

கைசர் ஜஹான் மட்டும் கடைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலையில் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. பக்கத்திலிருந்த அட்டையில் அன்றைய மாத்திரை இல்லை. மதார் சாகிப் சர்க்கரைக்காரர். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். போன வருடம் அப்படி இறங்கித்தான் கடை வாசலில் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். இப்போது தலைக்கு மேலே சித்திரை வெயில், முதுகுக்குக் கீழே தகரம். கைசர் ஜஹான் அந்த நான்கு விரல் இடுக்கில் வாயை வைத்தார்.

"ஏங்க, ஒடம்பு எப்டி இருக்கு?"



"ரெண்டு நூல் கம்மி."

தன்னைப் பற்றி அவர் அரை நூலுக்கு மேல் கம்மி சொல்லி நான் கேட்டதே இல்லை. கைசர் ஜஹானும் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. கை நடுங்குகிறதா என்று கேட்டார். 

டீக்கடைக்கு ஓடிப்போய்க் காகிதத்தில் சர்க்கரை மடித்துக்கொண்டு வந்தேன். அதற்குள் கைசர் ஜஹான் வளையல்களைக் கழற்றிவைத்திருந்தார். சர்க்கரையை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு இடுக்கில் கையை நுழைத்தார். முழங்கைவரை போயிற்று. அந்தக் கை உள்ளே இருட்டில் ஒரு வாயைத் தேடுவது, வெளியே தெரிந்த தோளின் அசைவிலேயே தெரிந்தது. மூன்று தடவை கொட்டி, மூன்று தடவை நுழைத்தார். மூன்றாவது தடவை கை வெளியே வந்தபோது விரல்களில் சர்க்கரையோடு சாக்பீஸ் தூளும் ஒட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளே நகரும் சத்தம் கேட்டது. உடம்பைத் திருப்பிக்கொண்டு பெட்டிப் பக்கமாக ஊர்ந்து போகிறார். பெட்டியின் அடிப்பக்கம் உள்ளே திறந்திருக்கும். எது சிக்கியிருந்தாலும் அங்கேதான் சிக்கியிருக்க வேண்டும். வெளியே நிற்கும் எங்கள் யாருக்கும் எட்டாத இடம் அது. துழாவும் சத்தம் வந்தது, பிறகு நின்றது.

"சகாதேவா, இங்க ஒரு எலுமிச்சம்பழம் கீதுப்பா."

சகாதேவன் முகம் சுண்டிவிட்டது. அவருடைய அம்மா காசியம்மாள் வெள்ளிக்கிழமை பூஜையில் கட்டியது. எல்லோரும் வண்டிக்கு முன்னால் கட்டுவார்கள். ஆனால் புதுசு மூடிதானே, கண் படப்போவது மூடிமேல்தானே என்று காசியம்மாள் யோசித்திருக்கிறார். மூடி சுருளும் பெட்டிக்குள், உள்மூலையில், கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். மூன்று நாளாக மூடி அதன்மேல் உரசிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கை இறுக்கியதும் சுருள் கயிற்றோடு பழத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சகாதேவன் மறைத்தார் என்று சொல்ல முடியாது. வண்டியில் எலுமிச்சம்பழம் இருக்கிறது என்று எந்த ஊரில் யார் மெக்கானிக்கிடம் சொல்கிறார்கள்?

எடுத்துவிடலாமா என்று உள்ளேயிருந்து கேட்டார். சகாதேவன் தலையைச் சொறிந்தார். நாற்பத்தெட்டு நாள் அதைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லியிருப்பதை மெதுவாகச் சொன்னார். கைசர் ஜஹான் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு வாளித் தண்ணீர் கொதித்திருக்கும்.

"அம்மாவ ஒரு வார்த்த கேட்டுடுப்பா," என்றார் மதார் சாகிப். "நான் எங்கியும் போயிட மாட்டேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார் சகாதேவன். எந்தப் பழம் என்பதில் ஆரம்பித்து, பாய் அதற்குள் என்ன செய்கிறார், அந்த மனுஷனை ஏன் உள்ளே வைத்துப் பூட்டினாய் என்பதுவரை விசாரணை நடந்தது. தண்ணீர் ஒழுகுகிறதா என்று படுத்துப் பார்க்கிறார் என்பதைக் காசியம்மாளுக்குப் புரியவைக்கவே ஒரு நிமிஷம் போயிற்று. புரிந்ததும் அவர் குரல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"ஏன்டா, பழம் போனா மார்க்கெட்ல வாங்கிக்கலாம். பாய் போயிட்டா எந்தக் கடையில வாங்குவ? அறுத்துப் போடச் சொல்லுடா. சாமி ஏதாவது கேட்டா நான் பேசிக்கறேன்."

கைசர் ஜஹான் ரப்பர் வெட்டும் கத்தரியை இடுக்கில் போட்டு, துடைப்பக் காம்பால் உள்ளே தள்ளிவிட்டார். கத்தரி தகரத்தில் உரசிக்கொண்டு போய் நின்றது கேட்டது. வெட்டும் சத்தம் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் போயிற்று. மூன்று நிமிஷம் போயிற்று. கைசர் ஜஹான் மூடியைக் கையால் அறைந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். முடிச்சை அவிழ்க்கிறேன் என்று பதில் வந்தது. அறுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டார். அறுத்தால் கயிற்றுத் துண்டு ஸ்பிரிங்குக்குள் போய்விடும் என்றார். அது மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு சர்ரென்று ஒரு சத்தம். எங்கள் கண் முன்னாலேயே மூடி ஓடிப் பெட்டிக்குள் போயிற்று. கொக்கி விட்டு, பின்கதவு தானாகக் கீழே விழுந்தது. மதார் சாகிப் பெட்டிக்கு அடியிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிழிந்து போட்ட மாதிரி சட்டை. தாடியெல்லாம் சர்க்கரை. கன்னத்தில் குங்குமம். ஒரு கையில் நசுங்கிய பழம், இன்னொரு கையில் அறுபடாத கறுப்புக் கயிறு. வெயிலில் கண் கூச, மூடிக்கொண்டே சொன்னார்: "ஒரு சொட்டு உள்ள வரலீங்க."

சகாதேவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கிரைண்டரோடு வந்து நின்ற பட்டறைக்காரர்கள் கை தட்டினார்கள். சகாதேவன் தரையில் வைத்துவிட்ட போன் இன்னும் அணைக்கப்படவில்லை என்பது, வந்துட்டாரா வந்துட்டாரா என்று தரையிலிருந்து காசியம்மாள் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வந்துட்டாரும்மா என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கைசர் ஜஹான் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி, ஸ்டூலில் உட்காரவைத்து, டிபன் பாக்ஸைத் திறந்து, இட்லியைப் பிட்டு வாயில் திணித்தார். திணித்துக்கொண்டே திட்டினார். மூச்சு விடாமல், முழுக்க முழுக்க உருதுவில். எங்கள் யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. மதார் சாகிப் மட்டும் மென்றுகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நான்கு இட்லி உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றது. முகத்துக்கு நிறம் வந்தது. சகாதேவன் நூறு தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழத்தை எடுத்துக் குப்பைக் கூடையைப் பார்த்து நடந்தார். மதார் சாகிப் எழுந்துபோய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அம்மா வேற கட்ற வரிக்கும் வெறும் வண்டியா ஓட்டாதப்பா."

பழத்தைத் தன் தோள் துண்டால் துடைத்தார். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே கறுப்புக் கயிற்றால் பம்பருக்குக் கீழே கட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். பழம் ஆடி, நம்பர் பிளேட்டில் இடித்தது. அணைக்கச் சொன்னார். அவிழ்த்து, இரண்டு விரல் தள்ளி, மறுபடி கட்டினார். மறுபடி ஸ்டார்ட். ஆடியது, எதிலும் படவில்லை. சகாதேவன் வண்டியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைக் கீழே கொடுத்து, பழத்தின் ஆட்டம் முழுசாக நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.